பூட்டு திறக்கப் பழகுகிறீர்களா? பயிற்சிப் பூட்டு அமைக்க 22 குறிப்புகள்

சாவி இல்லாமல் இரண்டு கம்பிகளை வைத்துப் பூட்டைத் திறப்பதைத் திருட்டு வேலையாகவே பலரும் பார்க்கிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது விரல் நுட்பத்தை வளர்க்கும் பொழுதுபோக்கு. ஜெர்மனியில் 1997-லேயே இதற்கென்று சங்கம் தொடங்கிவிட்டார்கள். இயந்திரங்களில் ஆர்வமுள்ள மாணவர்கள், சாவி செய்யும் தொழிலுக்கு வர நினைப்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள் என யார் வேண்டுமானாலும் பழகலாம்.

ஆனால் எடுத்த எடுப்பில் ஐந்து பின் உள்ள புதுப் பூட்டோடு மல்லுக்கட்டினால் விரல் வலிதான் மிஞ்சும். பழகுவதற்கென்று ஒரு பூட்டை நாமே பிரித்து, ஒரே ஒரு பின் போட்டுத் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போவதே சரியான வழி. பூட்டைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தாலே பாதி வித்தை கைக்கு வந்துவிடும். அதற்கான குறிப்புகள் இதோ.

1. பழகும் பூட்டு உங்களுடையதாக இருக்க வேண்டும். எந்தக் கதவிலும் பெட்டியிலும் பயன்பாட்டில் இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒருபோதும் மீறாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் விளையாட்டாகக் கேட்டாலும், விடுதி அறையில் நண்பர்கள் பந்தயம் கட்டினாலும் கம்பியை வெளியே எடுக்காதீர்கள். இதில் நேர்மையோடு நடைமுறைக் காரணமும் உண்டு. பழகும்போது ஒரு பின் சிக்கிக்கொண்டால் சாவி போட்டாலும் பூட்டு திறக்காது. அது வாசல் கதவாக இருந்தால் குடும்பமே வெளியில் நிற்க வேண்டியதுதான்.

2. திறக்கும் கம்பிகளைப் பயிற்சிப் பூட்டோடு ஒரே டப்பாவில் போட்டு வீட்டிலேயே வையுங்கள். பையிலோ வண்டியிலோ எடுத்துக்கொண்டு சுற்ற வேண்டாம். வெளிநாட்டில் வசிப்பவர்கள் அந்த நாட்டுச் சட்டத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானில் தகுந்த காரணமின்றி இத்தகைய கருவிகளை வைத்திருப்பதையே 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

3. வாங்கும் முன் பூட்டின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். வெளியே அசையாத கூடு. அதற்குள் சாவியோடு சேர்ந்து சுழலும் உருளை. இரண்டுக்கும் குறுக்கே வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் சாவியைத் தொடும் கீழ்ப்பின், அதன்மேல் மேல்பின், அதற்கும் மேலே ஒரு சிறு ஸ்பிரிங். சரியான சாவி போட்டால் கீழ்ப்பின்னும் மேல்பின்னும் சந்திக்கும் இடம், கூடும் உருளையும் பிரியும் கோட்டில் வந்து நிற்கும். உடனே உருளை சுழலும். லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1860-களில் தட்டைச் சாவியோடு உருவாக்கிய அமைப்பு இது. சாவி செய்கிற வேலையைக் கம்பியால் ஒவ்வொரு பின்னாகச் செய்வதுதான் நாம் பழகப்போவது.

4. கூடும் உருளையும் சேர்ந்த பகுதியைத்தான் சிலிண்டர் என்பார்கள். முதல் பயிற்சிக்கு நைட் லாட்ச் பூட்டுகளில் வரும் உருண்டையான சிலிண்டர் மிகவும் பொருத்தம். பழைய இரும்புக் கடையிலும் சாவிக் கடையிலும் சாவியோடு கிடைத்தால் வாங்குங்கள். சாவி இல்லாத சிலிண்டர் தொடக்கத்தில் வேண்டவே வேண்டாம். பின்பக்கத்தில் இரண்டு சிறு திருகோ ஒரு கிளிப்போ உருளையைப் பிடித்திருக்கும். அதைக் கழற்றினால் உருளை முன்பக்கமாக வந்துவிடும். இப்போதைய கதவுகளில் இருக்கும் இருபக்கச் சாவி சிலிண்டரையும் பிரிக்கலாம். ஆனால் நடுவில் இருக்கும் சுழல் நாக்கு குறுக்கிடுவதால் புதியவர்களுக்கு அது சிரமம்.

5. திண்டுக்கல் பூட்டை இதற்காக வாங்காதீர்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டின் உள்ளே பின் கிடையாது. தகடு தகடாக அடுக்கிய லீவர்கள்தான் பூட்டைக் காக்கின்றன. ஆறு லீவர், ஏழு லீவர் என்று முகப்பில் பொறித்திருக்கும் மற்ற பூட்டுகளும் அப்படித்தான். அவற்றைத் திறக்கும் முறை வேறு, கம்பியின் வடிவம் வேறு. பின் பூட்டில் கை பழகிய பிறகு அந்தப் பக்கம் போகலாம்.

6. பித்தளைத் தொங்கு பூட்டில் பழக ஆசையா? அதன் குறுகிய பக்கவாட்டு விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பின் துளைகளை அடைத்து அரத்தால் தேய்த்த மங்கலான வட்டங்கள் வரிசையாகத் தெரியும் பூட்டுகள் உண்டு. வட்டங்களை எண்ணினால் உள்ளே எத்தனை பின் என்று தெரிந்துவிடும். ஆனால் அடைத்த துளையைத் திறந்து பின்னை மாற்றுவது எளிதல்ல. ஆகவே இவை பயிற்சியின் இரண்டாம் கட்டத்துக்கு இருக்கட்டும்.

7. உள்ளே தெரியும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பூட்டுகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. பின் எப்படி ஏறி இறங்குகிறது என்று கண்ணால் பார்க்கவும், குழந்தைகளுக்குக் காட்டவும் அவை நல்லவை. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவற்றின் துளைகள் தளர்வானவை. கம்பியை எப்படி ஆட்டினாலும் திறந்துவிடும். அதில் அதிக நாள் பழகினால் விரல் உணர்வதற்கு முன் கண் பார்த்துவிடும். உலோகப் பூட்டுக்கு வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

8. பிரிக்க உட்காரும் இடத்தில் பழைய வெள்ளை வேட்டியை மடித்து விரியுங்கள். வெறும் மேசையிலோ டைல்ஸ் தரையிலோ விழுந்தால் ஸ்பிரிங் துள்ளி எங்கேயோ போய்விடும். துணியில் விழுந்த இடத்திலேயே கிடக்கும். வெள்ளைத் துணி என்றால் பித்தளை பளிச்சென்று தெரியும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், வேலை முடிந்ததும் பின்களை எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். ஒவ்வொரு பின்னும் வாயில் போட்டுக்கொள்ளும் அளவுதான்.

9. பிரிப்பதற்குத் தேவையானவை சிறிய ஸ்குரூ டிரைவர், ட்வீசர், ஓர் உருண்டை மரக்குச்சி. குச்சியின் பருமன் உருளையின் பருமனுக்குச் சமமாக இருக்க வேண்டும். பெரும்பாலான சிலிண்டர்களில் அது ஏறக்குறைய அரை அங்குலம். சற்றுப் பருமனான குச்சியை எடுத்து உப்புத்தாளால் தேய்த்து, கூட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போகும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். மெலிந்துவிட்டால் இடைவெளியில் மேல்பின்கள் விழுந்துவிடும். முனை தட்டையாக இருக்கட்டும்.

10. உருளையை எடுக்கும் முறை இது. பின்பக்கத் திருகையோ கிளிப்பையோ கழற்றுங்கள். சாவியைப் போட்டு, கடிகாரத்தில் 12-லிருந்து 1-க்குப் போகும் அளவு திருப்புங்கள். அப்போதுதான் உருளையின் துளைகள் கூட்டின் துளைகளை விட்டு விலகும். மேல்பின்கள் இறங்கிச் சிக்காது. பின்பக்கம் குச்சியை வைத்து இடைவெளியே விடாமல் உருளையை முன்பக்கம் தள்ளுங்கள். உருளை வெளியே வர வர, அதன் இடத்தில் குச்சி போய் நின்று மேல்பின்களைத் தாங்கிக்கொள்ளும்.

11. வெளியே வந்த உருளையைச் சாவியோடு நிமிர்த்திப் பிடித்து ஒரு நிமிடம் பாருங்கள். ஐந்து துளைகளிலும் கீழ்ப்பின்கள் உருளையின் மேற்பரப்போடு சமமாக நிற்கும். விரலால் தடவினால் மேடு பள்ளம் தெரியாது. சாவியை மெல்ல உருவினால் ஒவ்வொரு பின்னும் தன் உயரத்துக்கு ஏற்ப உள்ளே இறங்கும். பிரியும் கோடு என்றால் என்னவென்று புரிய இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. வேறு பூட்டின் சாவியைப் போட்டும் பாருங்கள். சில பின்கள் மேலே துருத்தும், சில உள்ளே அமுங்கும்.

12. பின்களை வகைப்படுத்த ஃப்ரிட்ஜில் இருக்கும் ஐஸ் ட்ரே போதும். ஒரு வரிசைக் குழிகளில் கீழ்ப்பின்கள், மறு வரிசையில் மேல்பின்னும் ஸ்பிரிங்கும். சாவி நுழையும் பக்கத்துத் துளைதான் ஒன்றாம் எண் என்று வைத்துக்கொண்டு வரிசை மாறாமல் போடுங்கள். கீழ்ப்பின்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். கலந்துவிட்டால் சாவி வேலை செய்யாது. கூட்டிலிருந்து மேல்பின்களை எடுக்கும்போது குச்சியை ஒவ்வொரு துளையாகப் பின்னுக்கு இழுங்கள். ஒவ்வொரு ஜோடியாக விழும். காந்தத்தை வைத்துப் பொறுக்க முடியாது, பித்தளை அதில் ஒட்டாது.

13. முதல் பயிற்சிக்கு ஒன்றாம் துளையில் மட்டும் பின் போடுங்கள். மற்ற நான்கு துளைகளும் காலியாகவே இருக்கட்டும். கூட்டின் துளைக்குள் முதலில் ஸ்பிரிங், அடுத்து மேல்பின். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு பின்பக்கத்திலிருந்து குச்சியை நகர்த்தி மூடுங்கள். உருளையில் அந்தத் துளைக்குரிய கீழ்ப்பின்னைப் போட்டு, சாவியோடு சற்றே திருப்பிய நிலையில் முன்பக்கமாக நுழைத்தால் குச்சி பின்னால் வெளியேறிவிடும். பல பின்கள் போடும்போது கடைசித் துளையில் தொடங்கி முன்னோக்கி வாருங்கள்.

14. பின்களைக் குறைப்பதால் சாவி கெடாது. எந்தெந்தப் பின் இருக்கிறதோ அவற்றுக்குச் சாவி பொருந்தத்தான் செய்யும். மேல்பின்னை வேறு வடிவத்துக்கு மாற்றினாலும் அளவு சரியாக இருந்தால் சாவி வேலை செய்யும். எனவே கீழ்ப்பின்களை அவற்றின் துளையை விட்டு மாற்றாமல், எண்ணிக்கையையும் மேல்பின்னையும் மட்டும் மாற்றிப் பழகுங்கள். அடுத்த முறை பிரிக்கும்போது சாவி கைகொடுக்கும்.

15. சேர்த்து முடித்ததும் கிளிப்பை மாட்டாமல் சாவியை உருவாதீர்கள். உருளையும் கூடவே வந்து பின்கள் கொட்டிவிடும். கிளிப்பை மாட்டி, சாவியை நிமிர்த்தி உருவி, மறுபடி போட்டுத் திருப்பிப் பாருங்கள். சாவிக்கே திறக்காத பூட்டு கம்பிக்குத் திறக்குமா என்று போராடுவது வீண் வேலை. எங்கே பிழை என்று அப்போதே பிரித்துப் பார்த்துவிடலாம்.

16. பூட்டைக் கையில் பிடித்தபடி பழகலாம். ஆனால் தொடக்கத்தில் பிடித்திருக்கும் கையே இறுகி, பின் தரும் மெல்லிய அசைவை மறைத்துவிடும். வைஸ் இருந்தால் இடையில் துணி வைத்து லேசாகக் கவ்வ விடுங்கள். இறுக்கினால் கூடு நசுங்கும். வைஸ் இல்லாத வீட்டில் கைப்பிடி அகலமுள்ள பலகைத் துண்டில் 32 மில்லிமீட்டர் துளை போட்டால் நைட் லாட்ச் சிலிண்டர் அதில் உட்காரும். பின்பக்கத் தகட்டை வைத்து முடுக்கிவிடலாம். தச்சரிடம் கொடுத்தால் சில நிமிடத்தில் துளைத்துத் தருவார். பின் வரிசை மேலே இருக்கும்படி மாட்டுங்கள்.

17. பூட்டு கடினமாக இருக்கிறதென்று தேங்காய் எண்ணெய் ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கொஞ்ச நாளில் எண்ணெய் தூசியைச் சேர்த்துப் பிசுபிசுத்து, பின்கள் ஒட்டிக்கொள்ளும். பயிற்சிப் பூட்டுக்கு ஒரு சிட்டிகை கிராஃபைட் தூள் போதும். அது கிடைக்காதபோது மென்மையான பென்சிலைச் சாவியின் பல்லில் நன்றாகத் தேய்த்துப் போட்டுப் போட்டு எடுக்கலாம். ஏற்கெனவே எண்ணெய் இறங்கிய பூட்டில் தூளைப் போடாதீர்கள். இரண்டும் கலந்து சேறாகிவிடும். பிரித்துத் துடைத்த பிறகு போடுங்கள்.

18. இருபது முப்பது கம்பிகள் கொண்ட செட் வேண்டாம். நுனி சற்றே வளைந்த ஒரு கொக்கிக் கம்பியும், உருளையைத் திருப்ப விசை கொடுக்கும் ஒரு திருப்பு கம்பியும் இருந்தால் போதும். மெக்கானிக் கடையில் கழித்துப் போட்ட கார் வைப்பரின் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டையை வளைத்தால் நல்ல திருப்பு கம்பி ஆகும். விளிம்புகளை உப்புத்தாளால் மழமழப்பாக்குங்கள். பிசிறு இருந்தால் பித்தளையைக் கீறும்; பின் அசைவதா கம்பி உரசுவதா என்று விரலுக்குத் தெரியாது.

19. ஒரு பின் பூட்டில் கற்க வேண்டியது விசையின் அளவு. திருப்பு கம்பியை ஒரே விரல் நுனியால் தொடுங்கள். நகத்தின் நிறம் வெளுக்கும் அளவு அழுத்தினால் அது அதிகம். கொக்கியால் பின்னை மெல்லத் தூக்கும்போது ஒரு சிறு ‘டிக்’ கேட்கும், உருளை சுழலும். அதே பின்னை மேலும் மேலும் குறைந்த விசையில் திறந்து பாருங்கள். பிறகு அதை எடுத்துவிட்டு, கடைசித் துளையில் மட்டும் அதற்குரிய பின்னைப் போடுங்கள். கம்பியை எவ்வளவு ஆழம் நுழைக்க வேண்டும், நுனியை எப்படி நேராக வைத்திருக்க வேண்டும் என்பது அப்போது பிடிபடும்.

20. இரண்டு பின் போட்டதும் இந்தக் கலையின் அடிப்படை ரகசியம் தெரியவரும். தொழிற்சாலையில் எவ்வளவு கவனமாகத் துளைத்தாலும் துளைகள் துல்லியமான நேர்கோட்டில் அமைவதில்லை. மயிரிழை வித்தியாசம் இருக்கும். அதனால் உருளையைத் திருப்பும்போது ஏதாவது ஒரு பின்தான் முதலில் இறுகும். மற்றது ஸ்பிரிங்கில் தளதளவென்று ஆடும். இறுகியதைத் தூக்கி உட்கார வைத்தால் அடுத்தது இறுகும். மூன்று, நான்கு, ஐந்து என்று கூட்டிப் போகும்போது எந்தப் பின் எதற்கு அடுத்து இறுகுகிறது என்று நோட்டில் எழுதுங்கள். மூன்று பின் பூட்டு பலமுறை சிரமமின்றித் திறந்த பிறகே நான்காவதைப் போடுங்கள். நடுவில் எங்கே தடுமாறினாலும் ஒரு பின்னைக் குறைத்துக்கொள்வதில் வெட்கமே இல்லை.

21. ஐந்தும் கைவந்தபின் ஒரு துளையில் இடுப்பு மெலிந்த மேல்பின்னைப் போடுங்கள். திறப்பவரை ஏமாற்றவென்றே நல்ல பூட்டுகளில் வைக்கும் பின் இது. சாவிக் கடையில் கழிந்த சிலிண்டர்களில் கிடைக்கும். இது இருந்தால் உருளை கொஞ்சம் திரும்பி, திறந்துவிட்டது போலக் காட்டி நின்றுவிடும். விசையைத் தளர்த்திக்கொண்டே அந்தப் பின்னைத் தூக்கினால் உருளை எதிர்ப்பக்கம் சற்றே திரும்பும். அந்த அசைவை அனுமதிக்கப் பழகுங்கள். இந்தக் கட்டத்தில் பொறுமை முக்கியம். லண்டனில் பிராமா நிறுவனம், திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்துக் கடை ஜன்னலில் வைத்திருந்த பூட்டை, 1851-இல் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 16 நாட்களில் 51 மணி நேரம் உழைத்துத்தான் திறந்தார். நமக்கு ஒரு வேளைக்கு இருபது நிமிடம் போதும். விரல் மரத்த பிறகு தொடர்ந்தால் எதுவும் ஏறாது.

22. கம்பி பட்டுப் பட்டுப் பின்களின் முனை தேயும், ஸ்பிரிங் தளரும். அதனால் பழகிய சிலிண்டரைத் திரும்ப எந்தக் கதவிலும் மாட்டாதீர்கள். அதற்குப் பதிலாக, கை பழகியதும் உங்கள் வாசல் கதவில் இருக்கும் அதே ரகச் சிலிண்டர் ஒன்றைத் தனியாக வாங்கி முயன்று பாருங்கள். கற்றுக்குட்டியான உங்களுக்கே அது சில நிமிடங்களில் திறந்தால், வீட்டுக்கு அதைவிட நல்லது தேவை என்று அர்த்தம். கடைக்குப் போகும்போது எத்தனை பின், இடுப்பு மெலிந்த பின் உண்டா, துரப்பணத்தைத் தடுக்கும் எஃகு உண்டா என்று கேட்டு வாங்கும் தெளிவு இப்போது உங்களுக்கு இருக்கும். கூடவே கதவு நிலையில் தாழ் நுழையும் தகட்டையும் பாருங்கள். கம்பி போட்டுத் திறப்பவனைவிட உதைத்து உடைப்பவனே அதிகம். அரை அங்குலத் திருகில் அந்தத் தகடு நின்றால் எவ்வளவு நல்ல பூட்டும் பயன்படாது. நீளமான திருகுகளாக இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.